ஐந்தாவது வேட்டு

பாவாடை கறுப்புத் திரியில் சரியாக ஒரு அடி வெட்டி, பாறைமேல் நீட்டிவைத்து, பீடி நுனியால் பற்றவைத்தார். "இப்ப பாரு பாயி" என்றார். நான் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பின்தொடர்ந்தேன். திரிக்குள் இருப்பது கரிமருந்து. அதன்மேல் நூல் சுற்றித் தாரில் தோய்த்திருப்பார்கள், அதனால் நெருப்பு வெளியே தெரியாது. உள்ளுக்குள் ஒரு புழு ஊர்வதுபோல நகரும். அது கடந்த இடத்தில் தார் உருகி லேசாகப் புகையும், அவ்வளவுதான். மறுமுனையில் பொறி சீறிக்கொண்டு வந்தபோது முப்பத்தாறு நொடி ஆகியிருந்தது. அங்குலத்துக்கு மூன்று நொடி.

"அப்ப அஞ்சடிக்கு?"

"மூணு நிமிஷம் அண்ணே."

"மூணு நிமிஷத்துல ஏணி ஏறி, ஓடி, புளியமரத்துக்குப் பின்னால குந்தி, ஒரு பீடி குடிச்சிடுவேன்" என்று சிரித்தார். கிணற்றுக்குள் மண் கூடையோடு நின்ற அவர் மனைவி அமிர்தவல்லி, "பீடி குடிக்கிறத மட்டும் படம் புடிச்சிடாத தம்பி, அப்புறம் மதராஸ்ல எல்லாரும் இவர வேலை செய்யறவர்னு நம்ப மாட்டாங்க" என்றாள்.

சிங்கவரத்தில் தனகோட்டி என்பவருடைய நிலத்தில், பாறைக்குன்றின் அடிவாரத்தில் அந்தக் கிணறு. முப்பதடிச் சதுரம். இரண்டு ஆள் ஆழத்தில் பாறை தட்டிவிட்டது. அதற்கு மேல் மண்வெட்டி செல்லாது, வெடிதான். நான் மதராஸில் சினிமா கற்றுத்தரும் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். 1967ஆம் வருடம். செஞ்சி கடைத்தெருவில் என் அத்தா பக்ருதீனுக்குக் கயிறு, கடப்பாரை, வாளி விற்கிற கடை. பாவாடை அங்கே வாடிக்கைக்காரர். அப்படித்தான் பழக்கம்.

கல்லூரியில் வருட முடிவுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். சாவி கொடுத்து ஓட்டும் சின்னக் காமிரா ஒன்றும், நூறு அடிப் படச்சுருள் ஒன்றும் தருவார்கள். ஓட்டினால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சத்தம் கிடையாது. ஒரு வேலை, அதைச் செய்கிற மனிதர்கள், அதுதான் தலைப்பு. ஒரு நிபந்தனை: வெட்டி ஒட்டக் கூடாது. எந்த வரிசையில் எடுத்தோமோ அந்த வரிசையிலேயே, வெட்டாத ஒரே சுருளாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னாலேயே யோசிக்கப் பழக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. முழுச்சுருள் கொடுக்காதவனுக்கு மூன்றாம் வருடம் இல்லை. அத்தாவும் எனக்கு அதற்குமேல் அவகாசம் தரவில்லை. "பாஸ் ஆனா படி. இல்லைன்னா கல்லாவுல வந்து உக்காரு." மற்ற மாணவர்கள் துறைமுகத்துக்கும் மீன் சந்தைக்கும் போனார்கள். எனக்குக் கிணறு வெட்டுவது தோன்றியது. அதில் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காக நடக்கிறது. குழி மருந்துக்காக, மருந்து கல்லுக்காக, கல் தண்ணீருக்காக. அப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று போனால் வெட்டாமலே படம் ஓடும் என்று நினைத்தேன்.

நான்கு நாட்களில் எண்பத்து மூன்று அடி எடுத்திருந்தேன். சம்மட்டி நீள உளியின் தலையில் இறங்குவது. ஒவ்வொரு அடிக்கும் உளியை ஒரு சுற்றுத் திருப்பிவிடும் கை. குழியிலிருந்து கல்மாவை வழித்தெடுக்கும் இரும்புக் கரண்டி. அமிர்தவல்லி தலைக்கூடையோடு ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கால் பெருவிரல் முதலில் தேடி அழுந்துவது. மிச்சம் பதினேழு அடி. அது வெடிக்காக.

காமிராவின் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. சாவி முழுக்கக் கொடுத்தால் இருபத்தெட்டு நொடி ஓட்டும், பிறகு நின்றுவிடும். திரும்பச் சாவி கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு நொடிக்குப் பதினேழு அடி. கணக்கு அழகாகப் பொருந்தியது. பாவாடையின் கணக்குதான் பொருந்தவில்லை.

அவர்கள் ஐந்து குழிக்கு ஐந்து திரி வைப்பார்கள். ஒவ்வொரு திரிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் நீளம் வித்தியாசம் இருக்கும். ஒரு சாண் என்றால் ஏறக்குறைய இருபத்தேழு நொடி. காரணம், எண்ணுவதற்கு. ஒரு வேட்டு வெடித்து, அந்தச் சத்தம் ராஜகிரியில் மோதித் திரும்பி, கிருஷ்ணகிரியில் மோதித் திரும்பி, எல்லாம் அடங்கிய பிறகுதான் அடுத்த வேட்டு வர வேண்டும். மறைந்திருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு வேட்டுக்கும் உரக்க எண்ணுவார்கள். அமிர்தவல்லி வாயால் எண்ண மாட்டாள். கையில் ஐந்து கூழாங்கல் வைத்துக்கொண்டு வேட்டுக்கு ஒன்றாக மடியில் போடுவாள். எல்லாருடைய எண்ணிக்கையும் ஐந்தாக இருந்தால்தான் பாவாடை இறங்குவார். ஒருவர் நான்கு என்றாலும் மூன்று நாளைக்குக் கிணற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது. வெடிக்காத மருந்து இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும். அள்ளும்போது அதன்மேல் கடப்பாரை விழுந்தால் போதும். வல்லத்தில் ஒரு கிணற்றில் அமிர்தவல்லியின் தம்பி அப்படித்தான் போனான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"அண்ணே, அஞ்சும் இருபது நொடிக்குள்ள வெடிக்கிற மாதிரி திரிய வெட்ட முடியுமா?"

பாவாடை என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"காமிரா அவ்ளோதான் ஓடும். இல்லைன்னா ஒரே ஒரு வேட்டுதான் படத்துல வரும்."

பக்கத்தில் நின்ற தனகோட்டி, "வரட்டும்யா. நம்ம கெணறு சினிமாவுல வருதுன்னா சும்மாவா? அஞ்சும் வரட்டும்" என்றார். பாவாடை திரிச்சுருளைக் கையில் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பிடித்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நான்கு நாட்களாக அவருடைய கையையும் உளியையும் யாரும் பார்க்காத மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுக்க மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. சாணுக்குப் பதிலாக இரண்டு விரற்கடை வித்தியாசம் வைத்து வெட்டினார். அமிர்தவல்லி அப்போது குடத்தோடு தண்ணீருக்குப் போயிருந்தாள்.

நண்பகலில்தான் கிணற்றின் அடிவரை வெயில் விழும். குன்றில் செங்குத்தான ஓரிடத்தில், ஒரு பாறைக்கு முன்னால் முக்காலியில் காமிராவை நிறுத்தினேன். அங்கிருந்து ஐந்து குழியும் தெரிந்தன. கற்கள் பறக்கும் என்பதால் காமிராவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பொத்தானைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் அது தானாக ஓடும். தள்ளிவிட்டுப் பாறைக்குப் பின்னால் பதுங்க வேண்டும். பாவாடை கொளுத்திவிட்டு ஏணியேறி, மேலிருந்து ஏணியையும் இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். கொளுத்தியதிலிருந்து இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்தாவது நொடியில் பொத்தானைத் தள்ளினேன். பாறைக்குப் பின்னால் விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

முதல் வேட்டு தனியாகக் கேட்டது. கீழே "ஒண்ணு!" என்று கூவினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாகிவிட்டது. வேட்டும் மலையின் பதில் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "ரெண்டு" என்ற குரலும் "மூணு" என்ற குரலும் ஒரே நேரத்தில் வந்தன. யாரோ "அஞ்சு" என்றார். வேறு யாரோ மறுபடி "நாலு" என்றார். பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. என் தலைக்குமேல் கல்தூசி மழைபோல இறங்கியது. நான் எத்தனை எண்ணினேன்? எண்ணவே இல்லை. காமிரா ஓடுகிறதா என்பதை மட்டும் கேட்க முயன்றுகொண்டிருந்தேன்.

கீழே இறங்கியபோது புளியமரத்தடியில் எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள்.

"அஞ்சு" என்றார் பாவாடை. "இருவது வருஷமா கேக்குது இந்தக் காது."

அமிர்தவல்லி மடியை விரித்துக் காட்டினாள். நான்கு கல்.

"கை நடுங்கி ஒண்ண போடாம விட்டிருப்ப."

"இருக்கும். நடுங்குச்சிதான்" என்றாள். "ஆனா நாலுதான் இருக்குது."

தனகோட்டி ஆறு கேட்டதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாள் நிறுத்தலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். தனகோட்டி வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டினார். பூவெடுத்த செடிகள் மதிய வெயிலில் இலை மூடிக் கிடந்தன. "காலையில பாறை இடுக்குல ஈரம் கசியுதுன்னு இவர்தான் சொன்னாரு. இன்னிக்கி அள்ளுனா நாளைக்கித் தண்ணி. மூணு நாள் போச்சின்னா செடி போச்சி." ஆனால் பாவாடையை அவசரப்படுத்தியது செடி இல்லை என்று எனக்குத் தோன்றியது. மூன்று நாள் நிறுத்தினால் ஏன் என்று ஊரில் கேட்பார்கள். சினிமாவுக்காகத் திரியைக் குறைத்தேன் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

"பொகை அடங்கட்டும். மூணு மணிக்கி எறங்கறேன்" என்றார்.

"ஏன் சத்தம் சேந்து வந்துது?" அமிர்தவல்லி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குனிந்து, ஒரே அளவுத் திரிகளிலிருந்து நறுக்கி எறிந்த நுனித்துண்டுகளைக் கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விரற்கடை வித்தியாசத்தைக் கட்டைவிரலால் அளந்தாள். என்னிடம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"நாங்க அத்தினி பேரும் கண்ண மூடிக்கினு இருந்தோம். உன் பொட்டி தொறந்துக்கினு தானே இருந்துது?"

"ஆமா."

"அப்ப அத கேளு."

"அது மதராஸ்ல கழுவணும். வர ஒரு வாரம் ஆவும்."

"செஞ்சியில போட்டோ கடை இல்லியா?"

அவள் கேட்டது சரிதான். காதுக்கு ஒன்றாகக் கேட்ட இரண்டு வேட்டுகள் படத்தில் இரண்டாகத்தான் இருக்கும். நொடிக்கு இருபத்து நான்கு கட்டம். ஒரு கட்டத்தில் இல்லாத புகை அடுத்த கட்டத்தில் இருந்தால் அது ஒரு வேட்டு. எதிரொலி படத்தில் விழாது. ஆனால் செஞ்சியில் கழுவ வேண்டுமென்றால் சுருளை வெட்ட வேண்டும்.

"நீ வர்ற வரைக்கும் இவர் எறங்க மாட்டாரு" என்றாள். ஏணியைக் கிணற்று விளிம்புக்கு இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பாவாடை அவளைப் பார்க்காமல், "நாலு மணி வரைக்கும் பாப்பேன்" என்றார்.

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அரிகிருஷ்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணப் படமும் பள்ளிக்கூடக் குரூப் படமும் எடுப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "யோவ், உனக்கு இன்னா கிறுக்கா? இவ்ளோ நீளத்த எதுல போட்டுக் கழுவுறது? நம்மகிட்ட இருக்கறது பீங்கான் தட்டு" என்றார்.

"நாலு துண்டா வெட்டிடலாம்."

"வெட்டுனா உன் காலேஜுல?"

"வெட்டலாம்."

அவர் இருட்டறைக் கதவைத் திறந்தார்.

தட்டில் கழுவுவது எளிதான காரியம்தான். படத்தின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்து, நடுவே தொங்கும் வளைவை மருந்தில் நனைத்து, ஒரு கை மேலே போனால் மறுகை கீழே வர, ஏற்றம் இறைப்பதுபோல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கை விரிப்புக்குள் அடங்கும் நீளம்தான் முடியும். அதனால்தான் நான்கு துண்டு. அரிகிருஷ்ணன் வழக்கம்போலச் சிவப்பு பல்பின் விசைக்குக் கை நீட்டினார். அந்தக் கையைப் பாய்ந்து பிடித்தேன். அவர் கழுவும் படச்சுருளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. என்னுடையதற்குத் தெரியும். காமிராவைத் திறந்த பிறகு அது ஒரு நொடி எரிந்தாலும் எல்லாம் கறுத்துவிடும். இரண்டு பேரும் முழு இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

காமிராவைத் திறந்து சுருளை எடுத்தேன். கடைசியாக எடுத்தது வெளிச்சுற்றில் இருக்கும். நுனியைப் பிடித்து, கையளவால் நீட்டி அளந்தேன். பதினேழு அடி. கத்தரிக்கோலைத் தடவி எடுத்தேன். மிச்சத்தைத் தகரப் பெட்டியில் மூடி வைத்தேன். அதில் அவர்களுடைய நான்கு நாள் இருந்தது. ஆனால் கல்லூரிக் கணக்கில் இனி அது படமில்லை. பதினேழு அடியை மூன்று இடத்தில் வெட்ட வேண்டும். எந்தக் கணத்தின்மேல் கத்தரிக்கோல் விழுகிறது என்று பார்க்க வழியில்லை. முதல் வெட்டில் கை நின்றது. "டைம் ஆவுது" என்றார் அரிகிருஷ்ணன். வெட்டினேன்.

அவர் இரண்டு துண்டும் நான் இரண்டு துண்டும் ஆட்டினோம். கடிகாரம் தெரியாது, வாயால் எண்ணினோம். அவர் எண்ணுவது என்னுடையதோடு மோதியது. நானூறு என்று அவர் சொன்னபோது எனக்கு முந்நூற்று எண்பது. "யாராவது ஒருத்தர் எண்ணுங்க அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது. பிறகு அவர் மட்டும் எண்ணினார்.

கொல்லைப்பக்கத்து வெயிலுக்கு நான்கு துண்டுகளையும் ஈரத்தோடு கொண்டுவந்தபோது மணி மூன்றரை. நனைந்த படத்தின் மருந்துப்பூச்சு பழுத்த பழத்தின் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடுவே விரல் பட்டால் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நெகடிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். வெயில் விழுந்த பாறை இருட்டாக இருந்தது. முதல் துண்டின் தொடக்கத்தில் நூறு கட்டத்துக்கும் மேலாக ஒன்றும் நடக்கவில்லை. வெறும் கிணறு. அப்படியென்றால் முதல் வேட்டுக்கு முன்னாலேயே காமிரா ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு நடுக்குழியில் ஒரு கறுப்பு மரம் முளைத்தது. ஒன்று. இரண்டாம் துண்டில், அடுத்தடுத்த கட்டங்களில், எதிரெதிர் மூலைகளில் இரண்டு மரங்கள். காதுக்கு அவை ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். இரண்டு, மூன்று. மூன்றாம் துண்டின் தொடக்கத்தில், ஏற்கெனவே பாதி உயரத்தில், இன்னொன்று நின்றிருந்தது. அது முளைத்த கணம் வெட்டிய இடத்தில், என் விரல்கள் பிடித்திருந்த, மருந்து படாத வெளுத்த பகுதியில் போயிருந்தது. நான்கு.

நான்காம் துண்டு முழுக்கப் புகை கலைந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டம் வரை கலைந்துகொண்டிருந்தது. மூன்று முறை பார்த்தேன். வடகிழக்கே, அவர்கள் சனி மூலை என்று சொல்லும் இடத்தில், குழி இருந்த பாறை விரிசல் ஓடாமல் அப்படியே இருந்தது. அதன்மேல் மற்ற மூலைகளின் கல் வந்து விழுந்து மூடியது.

துண்டுகளைக் காயவைக்க நேரமில்லை. துணிக் கவ்விகளால் ஒரு மூங்கில் குச்சியில் மாட்டி, குச்சியை ஒரு கையில் கொடிபோலப் பிடித்துக்கொண்டு மறுகையால் சைக்கிள் ஓட்டினேன். செம்மண் தூசி ஈரப் படத்தில் வந்து ஒட்டுவதை என்னால் தடுக்க முடியவில்லை. நாலு மணி தாண்டி வயலோரம் திரும்பியபோதே தெரிந்தது. ஏணி கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. அமிர்தவல்லி விளிம்பில் முழங்காலிட்டு ஏணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவாடையின் தலையும் தோளும் மட்டும் மேலே தெரிந்தன. தோளில் கடப்பாரை.

"அண்ணே!" என்று கத்தினேன். "அண்ணே, அண்ணே" என்று குன்று திருப்பிச் சொன்னது.

"இன்னா, அஞ்சுதானே?" என்றார், இறங்குவதை நிறுத்தாமல்.

நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பகல் முழுக்க எல்லோரும் அவருக்கு எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி, விளிம்பில் படுத்து, குச்சியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீங்களே பாருங்க. கறுப்பா எழும்புறது ஒவ்வொண்ணும் ஒரு வேட்டு. மேல் கட்டத்துலயிருந்து ஒவ்வொண்ணா பாத்துக்கினே வாங்க."

அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாக நின்றார். அமிர்தவல்லி ஏணியை விடவில்லை. அவர் கடப்பாரையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, இடது முழங்கையை ஏணியில் கோத்துக்கொண்டு, முதல் துண்டை மேற்கே சாயும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். கட்டங்கள் நகத்தைவிடச் சின்னவை. நேரம் எடுத்தது. இடது கைக் கட்டைவிரல் சுட்டுவிரலின் முதல் கோட்டைத் தொட்டது. இரண்டாம் துண்டு. இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. மூன்றாம் துண்டு. கட்டைவிரல் நடுவிரலுக்குத் தாவியது. நான்காம் துண்டை முழுக்கப் பார்த்தார், திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தார். கட்டைவிரல் அங்கேயே நின்றிருந்தது.

பிறகு குனிந்து சனி மூலையைப் பார்த்தார். அங்கே கற்கள் சாதாரணமாகக் கிடந்தன. இரண்டு கல்லுக்கு நடுவே காலையில் கசிந்த ஈரம் இப்போது ஒரு உள்ளங்கை அளவு பளபளத்தது.

காற்றில் நின்ற கால் மேல்படியைத் தேடியது. பெருவிரல் முதலில் தொட்டு அழுந்தியது. மூன்றாம் துண்டை அவர் இன்னும் விடவில்லை. பாதி உயரத்தில் நின்ற அந்தக் கறுப்பு மரத்தின்மேல் அவருடைய கட்டைவிரல் அழுத்தியிருந்தது. ஈரப் பூச்சில் ரேகைகள் ஒவ்வொன்றாகப் பதிவது எனக்குத் தெரிந்தது. விரலை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.